ஈரத்தில் காய்ந்த ஓவியங்கள்

நனைந்துபோன பொருளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாம் முதலில் செய்வது அதைக் காயப்போடுவதுதான். 1966 இறுதியில், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ஓவியச் சீரமைப்பாளர்கள் இதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்தார்கள். வெள்ளத்தில் ஊறிக் கிடந்த மரப்பலகை ஓவியங்களைத் தூக்கிக்கொண்டுபோய், காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி வேண்டுமென்றே ஏற்பாடு செய்த ஒரு கூடத்தில் அடுக்கினார்கள். பூஞ்சணத்துக்கு இதைவிட வசதியான வீடு வாய்க்காது. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரைபுரண்டு ஊருக்குள் புகுந்தது. அன்று அரசு விடுமுறை, கடைகள் அடைத்திருந்தன. குளிர்காலத்துக்காக வீடுகளின் நிலவறைத் தொட்டிகளில் அப்போதுதான் நிரப்பி வைத்திருந்த எரிஎண்ணெய் வெள்ளத்தில் கலந்தது. சேறும் எண்ணெயும் சாக்கடையும் சேர்ந்த கருங்குழம்பு தேவாலயங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் நூலகத்துக்குள்ளும் ஏறியது. பள்ளமான பகுதி சாந்தா குரோச்சே. அங்கே சில இடங்களில் தண்ணீர் இரண்டாள் உயரத்தைத் தாண்டியது. அங்குள்ள சாந்தா குரோச்சே தேவாலயத்தைச் சேர்ந்த அருங்காட்சியகத்தில் சிமாபூவே என்ற ஓவியர் 13ஆம் நூற்றாண்டில் தீட்டிய மாபெரும் சிலுவை இருந்தது. நாலரை மீட்டர் உயரம். வெள்ளம் வடிந்தபோது அதன் வண்ணத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் உதிர்ந்துபோயிருந்தது.

மீதியிருந்த நாற்பது சதவீதத்தை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

அக்காலத்து இத்தாலியப் பலகை ஓவியம் என்பது வெறும் மரமும் வண்ணமும் அல்ல. அடியில் பாப்லர் மரப்பலகை. அதன்மேல் பல ஓவியங்களில் ஒரு துணி. துணியின்மேல் ஜிப்சத்தை வஜ்ஜிரத்தில் குழைத்துப் பூசிய வெள்ளைப் பூச்சு. வஜ்ஜிரம் என்றால் ஆசாரிகள் அந்தக் காலத்தில் காய்ச்சி ஒட்டுவார்களே, அதே விலங்குத்தோல் பசைதான். அதற்கு மேலே முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம். இந்த அடுக்குகள் எல்லாம் தண்ணீருக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மரம் தண்ணீரைக் குடித்து அகலவாக்கில் ஊதுகிறது. வஜ்ஜிரம் இளகுகிறது. வண்ணப்படலமோ ஊதவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது.

இப்போது இந்தப் பலகையை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? மரம் காய்ந்து சுருங்கும். சில சமயம் நனைவதற்கு முன் இருந்த அளவைவிடவும் குறுகிவிடும். மேலே இருக்கும் வண்ணத்துக்கோ அவ்வளவு சிறிய இடத்தில் படுக்க முடியாது. அது கூரை மாதிரி மடிந்து எழும். எழுந்த இடத்தில் அடியில் காற்று. விரல் பட்டால் போதும், பொலபொலவென்று உதிரும். ஆகவே மரம் மிக மெதுவாகக் காய வேண்டும். நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில். அதற்குக் காற்றிலேயே ஈரம் வேண்டும்.

அப்படிப்பட்ட பெரிய கூடம் ஊரில் ஒன்றே ஒன்று கிடைத்தது. போபோலி என்ற அரண்மனைத் தோட்டத்தில், தொட்டிகளில் வளர்க்கும் எலுமிச்சை, நாரத்தை வகை மரங்களைக் குளிர்காலத்தில் உள்ளே வைப்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ‘லிமொனாயா’ என்ற நீண்ட மண்டபம். மரங்களை வெளியேற்றி, சன்னல்களை அடைத்து, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பலகை ஓவியங்கள் அங்கே குடியேறின. கொண்டுவரும் முன்பே, உதிரவிருந்த வண்ணத்தின்மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை அக்ரிலிக் பிசின் தடவி ஒட்டியிருந்தார்கள். பிறகு, தொண்ணூறுக்கு மேலிருந்த ஈரப்பதத்தை மாதம் மாதமாகக் கீழே இறக்கத் தொடங்கினார்கள்.

பூஞ்சணம் காத்திருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் அது எங்கும் காத்திருப்பதில்லை. ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. நாம் மூச்சுவிடும் காற்றில், சுவரில், ஓவியத்தின் வெடிப்புகளில் படிந்த தூசியில், எங்கும் அதன் வித்துகள் உண்டு. ஒரு வித்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அவை ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். அவற்றைத் துடைத்து ஒழித்துவிட்டோம் என்று எந்த அருங்காட்சியகமும் சொல்லிக்கொள்ள முடியாது. துடைத்த மறுநிமிடமே புதியவை வந்து உட்காரும்.

வித்து முளைக்கத் தேவையான உணவு ஓவியத்தில் தாராளமாக இருக்கிறது. தடையாக இருப்பது தண்ணீர் ஒன்றுதான். அதிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தண்ணீர் கட்டில்லாமல் கிடைக்கிறது என்பதே முக்கியம். ஊறுகாய் ஜாடியில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஈரத்தை உப்பு பிடித்து வைத்திருப்பதால் பூஞ்சணம் வருவதில்லை. ஓவியத்தின் பசைக்கும் துணிக்கும் அந்த உப்பு வேலையைச் செய்ய யாருமில்லை. சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அவ்வளவு ஈரத்தை அவை வாங்கிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பெரும்பாலான வித்துகள் அசையாது. எழுபதைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற வழக்கமான ஆசாமிகள் விழித்துக்கொள்வார்கள். எண்பது, தொண்ணூறு என்று போனால் சில நாள்களே போதும்.

விழித்த பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத இழைகளை நீட்டுகிறது. அதற்கு வாய் கிடையாது. செரிமானச் சாறுகளை உடம்புக்கு வெளியே கசியவிட்டு, எதிரே இருப்பதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. வண்ணத்தில் இருக்கும் கனிமத் தூள் அதற்குச் சோறில்லை. அந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் முட்டைக்கரு, வஜ்ஜிரம், பழைய சீரமைப்பாளர்கள் கேன்வாஸின் முதுகில் புதுத்துணி ஒட்டப் பயன்படுத்திய கோதுமை மாவுப் பசை, இவைதான் விருந்து. பசை போனால் வண்ணம் தூளாகி நிற்கும். கூடவே அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்றவை சில நிறமிகளைத் தாக்கும். அதன் உடம்பிலிருந்து வரும் கறுப்பும் பழுப்பும் ஊதாவும் ஓவியத்தில் ஊறிக் கறையாகிவிட்டால், பூஞ்சை செத்த பிறகும் கறை போகாது.

லிமொனாயாவில் ஒரு பக்கம் மெதுவாகக் காய வேண்டிய மரம். மறுபக்கம் அந்த மெதுவான ஈரத்தில் கொழுக்கும் பூஞ்சை. இடைப்பட்ட மாதங்களைக் கடக்க அவர்கள் கையிலெடுத்தது மருந்துக்கடைச் சரக்கு. பெயர் நிஸ்டாட்டின்.

குழந்தைகளின் நாக்கில் வெள்ளை படிந்தால் சொட்டு மருந்தாக இன்றும் தருகிறார்களே, அதேதான். இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள்: எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன். ஹேசன் நுண்ணுயிரியலாளர், நியூயார்க் நகரத்தில் இருந்தார். பிரவுன் வேதியியலாளர், ஆல்பனியில் இருந்தார். பல ஊர் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து ஹேசன் தபாலில் அனுப்புவார்; அதிலுள்ள பொருளைப் பிரித்தெடுத்து பிரவுன் திருப்பி அனுப்புவார். கடைசியில் தேறியது விர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் வீட்டுப் பால்பண்ணை மண். அதில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியம் பூஞ்சைகளை அடக்கும் ஒரு பொருளைச் சுரந்தது. 1950இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கும் வைத்தார்கள். அதில் வந்த கோடிக்கணக்கான ரூபாய் உரிமைத்தொகையில் ஒரு பைசாகூட இருவரும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள்.

நிஸ்டாட்டின் வேலை செய்யும் விதம் அழகானது. பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. மருந்து அதைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடும். உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து செல் சாகும். நம் செல் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால் என்பதால் நமக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஓவியத்தில் உயிருள்ள சவ்வே கிடையாது. ஆகவே முட்டைக்கருவையோ வஜ்ஜிரத்தையோ இது தொந்தரவு செய்வதில்லை. வயிற்றுக்கும் தோலுக்கும் என்று உருவான மருந்தை 700 ஆண்டுப் பழமையான ஓவியங்கள்மேல் தெளித்தார்கள். பெரும்பாலும் பலித்தது.

அதற்கு முன்பிருந்த மருந்துகளைப் பார்த்தால் இதன் அருமை புரியும். அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் வெகுகாலம் புழங்கியது தைமால். நம் ஓமத்தின் காரமான வாசனைக்குக் காரணமான அதே பொருள். மூடிய அலமாரிக்குள் ஒரு சிறு மின்விளக்கு, அதன்மேல் ஒரு தட்டில் தைமால் படிகங்கள். விளக்கின் சூட்டில் எழும் ஆவி உள்ளே இருக்கும் தாளிலோ படத்திலோ உள்ள பூஞ்சணத்தை அடக்கும். நல்ல நாட்டு வைத்தியம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆவி எண்ணெய் வண்ணத்தையும் வார்னிஷையும் இளக்கியது. தாளை மஞ்சளாக்கியது. வேலை செய்பவரின் உடம்புக்கும் ஆகவில்லை. அலமாரியிலிருந்து படத்தை வெளியே எடுத்தபின் மருந்து ஆவியாகிப் போய்விடும். வித்துகள் மறுபடி வந்து உட்காரும். இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் லாஸ்கோ குகையைவிடக் கசப்பான பாடம் வேறில்லை. 17,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான காளை, குதிரை ஓவியங்கள் உள்ள அந்தக் குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கூட்டத்தின் மூச்சுக்காற்றும் விளக்கு வெளிச்சமும் சுவரில் பச்சைப் பாசியை வளர்த்ததால் 1963இல் மூடினார்கள். உள்ளே போகும் சிலரும் ஃபார்மால்டிஹைடு கரைசலில் காலணியை நனைத்துவிட்டே போக வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. அப்படியெல்லாம் காத்த குகையில், புதிய காற்றுச் சீரமைப்பு இயந்திரம் பொருத்தியதை ஒட்டி, 2001இல் வெள்ளைப் பூஞ்சை திடீரென்று தரையெங்கும் விரிப்பு விரித்தது போல் பரவியது. ஃபுசேரியம் சொலானி. வயலில் பயிர்களை அழிக்கும் இனம்.

அதிகாரிகள் பதறிப்போனார்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியைத் தெளித்தார்கள். ஆன்டிபயாட்டிக் ஊறிய கட்டுகளைச் சுவரில் ஒட்டினார்கள். தரையில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினார்கள். அது ஈரத்தோடு சேர்ந்து குகையையே சூடாக்கியது. வெள்ளைப் பூஞ்சை அடங்கியது. சில ஆண்டுகளில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பின. ஆய்வாளர்கள் சுவரிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோது, இத்தனை ஆண்டு ரசாயனம் அங்கிருந்த நுண்ணுயிர்களில் ஒரு தேர்வு வைத்திருந்தது தெரிந்தது: கிருமிநாசினியைத் தாங்கும், ஏன், அதைச் சிதைத்து உணவாகவே பயன்படுத்தும் பாக்டீரியங்கள் மட்டும் மிஞ்சிப் பெருகியிருந்தன. மற்றவை செத்து, அடுத்து வந்த பூஞ்சைக்கு எருவாயின. அந்தப் பூஞ்சையின் வித்துகளை, அதைத் தின்று திரியும் குட்டிப்பூச்சிகள் குகையெங்கும் சுமந்துபோயின. கறுப்புப் புள்ளிகளில் கிடைத்த ஒரு புதிய இனத்துக்குக் குகையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஒக்ரோகோனிஸ் லாஸ்கோவென்சிஸ். இப்படிப்பட்ட பெருமையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஃபுளோரன்ஸில் பலித்த மருத்துவம் லாஸ்கோவில் ஏன் பலிக்கவில்லை? மருந்தின் தரம் காரணமில்லை என்பது என் எண்ணம். லிமொனாயாவில் நிஸ்டாட்டினுக்குக் கொடுத்தது தற்காலிக வேலை. அது பூஞ்சையைத் தடுத்துப் பிடித்திருந்த நேரத்தில் இயந்திரங்கள் காற்றின் ஈரத்தை இறக்கிக்கொண்டே வந்தன. ஐம்பத்தைந்து சதவீதம் வந்தபோது மருந்துக்கே வேலையில்லை. குகையில் அப்படி இறக்க முடியாது. பாறையும் படமும் அந்த ஈரத்தோடு ஒன்றிப்போனவை. காய்ந்தால் அவையே போய்விடும். காற்று மாறாத இடத்தில் மருந்துக்கு முடிவே கிடையாது.

வெள்ளம், குகை என்பதெல்லாம் பெரிய கதைகள். சாதாரண நாளில், சாதாரண அருங்காட்சியகத்தில், ஓர் ஓவியத்தைச் சுத்தம் செய்யும்போதே பூஞ்சைக்கு விதை போட்டுவிட முடியும் என்பது வெளியில் அதிகம் தெரியாத சங்கதி. சுத்தம் செய்வது என்றாலே ஈரம் வைப்பதுதானே. குச்சியில் பஞ்சைச் சுற்றி, சிறிது நனைத்து, கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் உருட்டி எடுப்பார்கள். பிறகு அடுத்த நகத்தளவு. எதில் நனைப்பது? பல சமயம் எச்சிலில்! கேலியில்லை. மனித எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி பழைய அழுக்கை நன்றாகக் கரைக்கிறது என்று போர்த்துகீசிய ஆய்வாளர்கள் 1990இல் சோதித்துக் காட்டினார்கள். 2018இல் அதற்கு இக்நோபல் என்ற வேடிக்கைப் பரிசுகூடக் கிடைத்தது. ஆனால் எச்சிலில் புரதம் இருக்கிறது. சுத்தமான நீரால் துடைத்தெடுக்காமல் விட்டால், நம் கையாலேயே பரிமாறிய பந்திதான்.

இப்போது வழக்கத்திலிருக்கும் கூழ் முறைக்கும் இதே கதி. தண்ணீர் ஓடிப் பரவாமல் இருக்க, அதைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரில் கட்டி, அந்த வில்லையை ஓவியத்தின்மேல் சிறிது நேரம் படுக்க வைத்து எடுக்கிறார்கள். அருமையான உத்தி. அதே அகர்தான் ஆய்வகங்களில் பூஞ்சை வளர்க்கும் தட்டுகளிலும் ஊற்றப்படுவது. கைதேர்ந்தவர்கள் கூழையும் கரைசலையும் அன்றன்றைக்குத் தயாரித்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுவார்கள். ஈரம் வைத்த இடத்தின் எச்சத்தைத் துடைத்தெடுத்து, மெல்லிய காற்றோட்டத்தில் விட்டு, முழுதும் உலர்ந்தபின்தான் முதுகில் அட்டையைப் பொருத்துவார்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைப்பது கிட்டத்தட்டக் குற்றம்.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த படம் வந்தால் முதல் வேலை அதைத் தொடாமல் இருப்பது. பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த பின்னணியில் வெள்ளை ரோமம் போல் எழுந்து நிற்பது தெரியும். உயிரோடு இருப்பது மெத்தென்றிருக்கும். தூரிகை பட்டால் இழுபட்டு வெடிப்புக்குள் அப்பிக்கொள்ளும், வண்ணத்திலும் கறை ஏறும். ஆகவே படத்தைத் தனி அறைக்குக் கொண்டுபோய், ஈரப்பதத்தைப் பையப் பையக் குறைத்து அதைத் தூங்க வைக்கிறார்கள். தூங்கியது பொடியாகிவிடும். அதன் பிறகே முகமூடியும் கையுறையும் அணிந்து, மிக மென்மையான தூரிகையால் பொடியைத் தட்டி, நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சு கருவியின் வாய்க்குள் தள்ளுகிறார்கள். வீட்டில் இருக்கும் சாதாரணக் கருவி வித்துகளைப் பின்பக்கமாக அறை முழுக்க ஊதிவிடும். கடைசியில் தேவைப்பட்டால் மட்டும், வண்ணம் தாங்குமா என்று ஓரத்தில் சோதித்த பிறகு, தண்ணீர் கலந்த எத்தனால்.

பலரும் கவனிக்காதது படத்தின் முதுகு. அறையின் நடுவில் மாட்டிய ஈரப்பத மானி 55 காட்டும். எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் 25 டிகிரியில் 55 சதவீதமாக இருக்கும் அதே காற்று, படத்துக்குப் பின்னால் 19 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் வெளிச்சுவரைத் தொடும்போது ஏறக்குறைய 80 சதவீதமாகிவிடுகிறது. கேன்வாஸின் முதுகில் மாவுப் பசை. இருட்டு. காற்றோட்டம் இல்லை. இதற்குச் சொல்லும் வைத்தியம் ரொம்ப மலிவானது: சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டி, படத்தைச் சுவரிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி மாட்டுவது.

சிமாபூவேயின் சிலுவை பத்தாண்டுச் சீரமைப்புக்குப் பிறகு 1976இல் சாந்தா குரோச்சேக்குத் திரும்பியது. வண்ணத்தை மரத்திலிருந்து பிரித்தெடுத்து, மரத்தைத் தனியே காயவைத்து, மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. அதே வெள்ளத்தில் மூழ்கிய, ஓவியர் வசாரியின் ‘கடைசி இராவுணவு’ இன்னும் பாவம். அதன் முகத்தைக் காப்பாற்ற அன்று ஒட்டிய தாளும் பிசினும் இறுகி, அவற்றைப் பிரிப்பதே பெரிய பிரச்சினையாகி, பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தது. வெள்ளத்தின் 50ஆம் ஆண்டு நிறைவில்தான், 2016இல், திரும்ப மாட்டினார்கள். மறுபடி வெள்ளம் வந்தால் மேலே தூக்கிவிடக் கப்பியும் எதிர்ப்பாரமும் சேர்த்தே பொருத்தியிருக்கிறார்கள்.

நம்மூர்த் தஞ்சாவூர் ஓவியமும் அமைப்பில் இந்த இத்தாலியப் பலகைகளுக்கு உறவுக்காரன்தான். பலாப் பலகை, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையோ கோந்தோ தடவி ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணாம்புத்தூள் பூச்சு, மேலே வண்ணமும் தங்கத்தாளும். பூஞ்சைக்கு இங்கேயும் அதே பந்தி. கண்ணாடிக்குள் வெள்ளைப் புள்ளி கண்டதும் பதறிப்போய் ஈரத் துணியால் துடைப்பவர்கள் உண்டு. கோந்து தண்ணீரில் கரையும்; புள்ளியோடு தங்கமும் துணியில் வந்துவிடும். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி. ஐப்பசி மழை பிடிக்கும் முன் படத்தை ஒருமுறை கழற்றி முதுகைப் பார்ப்பதை மட்டும் நாமே செய்யலாம். முன்பக்கம் புள்ளி தெரிவதற்குள் பூஞ்சணம் பின்பக்கத்தில் குடித்தனமே நடத்திக்கொண்டிருக்கும்.